தொண்டை நிறைய குருணை, ஆனால் ஸ்க்ரூ எடுக்கவில்லை: எக்ஸ்ட்ரூடர் ஃபீட் கோளாறுகளை உராய்வை வைத்துக் கண்டுபிடிப்பது

மேலே ஹாப்பரில் கொட்டிய பிளாஸ்டிக் குருணை தொண்டை வழியாக இறங்க, பேரல் என்ற சூடான குழாய்க்குள் சுற்றும் ஸ்க்ரூ அதை எடுத்து உருக்கி, டை என்ற அச்சின் வழியாக வெளியே தள்ளும். அதுதான் எக்ஸ்ட்ரூடர். குருணை உள்ளே போகும் முதல் கட்டம்தான் ஃபீட். அவுட்புட் குறைந்தால் பெரும்பாலோர் செய்வது மூன்று வேலை. டெம்பரேச்சரை ஏற்றுவார்கள், ஆர்.பி.எம்மைக் கூட்டுவார்கள், ஹாப்பரைத் தட்டுவார்கள். மூன்றுமே சில நாள் பலிக்கும், சில நாள் இருந்ததையும் கெடுக்கும். எது எப்போது பலிக்கும் என்பது குருணையின் உராய்வைப் பொறுத்தது. அதிலும் எந்த இடத்து உராய்வு என்பதைப் பொறுத்தது.

"வழவழப்பான மெட்டீரியல் நன்றாக இறங்கும், நன்றாக ஓடும்" என்று நினைப்பது தப்பு. ஹாப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய அதே குருணை, பேரல் சுவரில் வழுக்கக் கூடாது. பேரலில் பிடிக்க வேண்டிய அதே குருணை, ஸ்க்ரூவில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே பொருளிடம் மூன்று இடத்தில் மூன்று விதமான நடத்தையை எதிர்பார்க்கிறோம். ஃபீட் கோளாறு எது வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வழுக்க வேண்டிய இடத்தில் பிடிக்கிறதா, பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்குகிறதா?

கையில் ஒரு போல்ட்டும் நட்டும் எடுங்கள். நட்டை விரலால் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்பினால் நட்டு முன்னே நகரும். விரலை எடுத்துவிட்டால் நட்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றும், ஒரு மரைகூட நகராது. எக்ஸ்ட்ரூடரின் முதல் பகுதியில் குருணைகள் ஒன்றோடொன்று நெருங்கி, அழுந்தி, ஒரு கட்டியாகின்றன. அந்தக் கட்டிதான் நட்டு. அதைப் பிடித்து நிறுத்தும் விரல், பேரல் சுவர். 1956-இல் டார்னல், மோல் என்ற இருவர் இதற்கான கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். பேரலில் உராய்வு கூடவும் ஸ்க்ரூவில் உராய்வு குறையவும் இருந்தால் கட்டி வேகமாக முன்னே போகும், தலைகீழானால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டி பேரலை ஒரு பக்கம்தான் தொடுகிறது. ஸ்க்ரூவையோ அடித்தண்டு, முன் மரைச்சுவர், பின் மரைச்சுவர் என்று மூன்று பக்கம் தொடுகிறது. அதனால் ஸ்க்ரூ பக்கம் உராய்வு கொஞ்சம் ஏறினாலும் பாதிப்பு பெரிது. கட்டி முன்னேறும்போது அதற்குள் அழுத்தம் கூட்டுவட்டி போல ஏறுகிறது. ஒவ்வொரு மரையிலும் கிடைத்த அழுத்தத்தின் மேல்தான் அடுத்த மரையின் அழுத்தம் வளர்கிறது. வட்டி விகிதம் லேசாக மாறினாலே கடைசித் தொகை எவ்வளவு மாறும் என்று தெரியுமல்லவா? அதே போலத்தான், உராய்வில் வரும் சின்ன மாற்றம் ஹெட் பிரஷரில் (டைக்கு முன்னால் உருகிய பிளாஸ்டிக்கின் அழுத்தம்) பெரிய ஆட்டமாகத் தெரிகிறது. "ஒன்றுமே மாற்றவில்லை, திடீரென்று இப்படி ஓடுகிறது" என்று ஆபரேட்டர் சொல்லும்போது அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார், குருணையின் மேற்பரப்பு மாறியிருக்கும்.

முதலில்: கோளாறு ஃபீடில்தானா?

டைக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி வலையான ஸ்க்ரீன் அடைத்தாலும் அவுட்புட் குறையும். ஆனால் அப்போது ஸ்க்ரீனுக்கு முந்தைய பிரஷர் ஏறும். ஸ்க்ரூவின் கடைசிப் பகுதியான மீட்டரிங் பகுதி தேய்ந்தாலும் குறையும். அது மாதக்கணக்கில் மெதுவாக வரும், மெல்ட் டெம்பரேச்சர் கூடிக்கொண்டே போகும். ஃபீட் குறைவாக இருந்தால் பிரஷரும் மோட்டார் ஆம்பியரும் சேர்ந்து இறங்கும், பெரும்பாலும் சேர்ந்தே ஆடும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு கணக்குப் போடுங்கள். ஸ்க்ரூவின் விட்டத்தை செ.மீ.-இல் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். அதோடு மீட்டரிங் பகுதியின் மரை ஆழம் (செ.மீ.), உருகிய பிளாஸ்டிக்கின் அடர்த்தி, ஆர்.பி.எம் மூன்றையும் பெருக்கி, கடைசியில் 0.086-ஆல் பெருக்குங்கள். மணிக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். மரைக்கு மரை இடைவெளி விட்டத்துக்குச் சமமாக இருக்கும் சாதாரண ஒற்றை மரை ஸ்க்ரூவுக்கு இது பொருந்தும். 60 மி.மீ. ஸ்க்ரூ, 3 மி.மீ. ஆழம், 100 ஆர்.பி.எம், எல்.டி.பி.இ (ஒரு வகைப் பாலிஎத்திலீன்) உருகினால் அடர்த்தி சுமார் 0.76 என்று வைத்துப் பார்த்தால் மணிக்கு 70 கிலோ வருகிறது. ஹெட் பிரஷர் எதிர்த்துத் தள்ளுவதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 60 வந்தால் கவலையில்லை. ஆனால் பிரஷர் குறைவாக இருக்கும்போதே 40 கிலோதான் வருகிறது என்றால் மீட்டரிங் பகுதி பட்டினி கிடக்கிறது. கோளாறு பின்னால்தான், ஃபீடில்.

எடை எடுக்கும்போது டையில் வருவதை ஒரு நிமிடம் பிடித்து ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதாது. அடுத்தடுத்து ஐந்து நிமிடம், ஐந்து எடை. ஐந்தும் நெருக்கமாக இருந்து எல்லாமே குறைவாக இருந்தால் அது ஒரு வகைக் கோளாறு. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் வேறு வகை.

ஹாப்பரில் மெட்டீரியல் இருக்கிறது, தொண்டை காலி

இது கண்ணுக்கே தெரியும் என்பதால் சுலபம். ஹாப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்லைடு கேட்டின் வழியாகப் பார்த்தால் ஸ்க்ரூ மரை வெறுமையாகச் சுற்றும், மேலே குருணை பாலம் கட்டி நிற்கும். அல்லது நடுவில் மட்டும் குழாய் போல ஓட்டை விழுந்து, ஓரத்தில் இருப்பது அப்படியே நிற்கும்.

சுத்தமான 3 மி.மீ. குருணை பாலம் கட்டுவது அரிது. கட்டினால், ஏதோ ஒன்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பெரும்பாலும் நான் கண்டுபிடித்த காரணம் மிகச் சாதாரணமானது: ஹாப்பருக்கும் தொண்டைக்கும் நடுவே போட்ட கேஸ்கெட் உள்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். விரலை உள்ளே விட்டு (மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகு) சுற்றிலும் தடவிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு இருந்தால் அதில்தான் முதல் குருணை உட்காருகிறது, அதன் மேல் அடுத்தது. வட்டமான ஹாப்பர் வாய் சதுரமான தொண்டையில் உட்காரும் மெஷின்களில் நான்கு மூலையும் இப்படித்தான்.

ஹாப்பரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சுத்தியல் அடித்த தழும்புகள் வரிசையாக இருக்கும். வெளியே விழுந்த ஒவ்வொரு பள்ளமும் உள்ளே ஒரு மேடு. அடைக்கிறது என்று அடித்ததாலேயே அடுத்த தடவை சீக்கிரம் அடைக்கும். வைப்ரேட்டரும் அப்படித்தான். கீழே ஸ்லைடு மூடியிருக்கும்போது வைப்ரேட்டர் ஓடினால் தூள் இடுக்குகளில் இறங்கி மொத்தத்தையும் இறுக்கிவிடும். ஓட்டத்தின்போது மட்டும், விட்டு விட்டு ஓட்டுங்கள்.

மெட்டீரியல் பக்கம் மூன்று காரணம். ஒன்று, ஈ.வி.ஏ, டி.பி.இ போன்ற மென்மையான குருணை. அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். ஹாப்பரை நிறைய நிரப்பாமல் ஓட்டினாலே பாதி சரியாகும். இரண்டு, டிரையரில் சூடான துண்டு. படிகமாகாத பெட் (PET) பிளாஸ்டிக் அரைத்த துண்டை நேராக டிரையரில் போட்டால் சுமார் 75 டிகிரியைத் தாண்டியதும் மிருதுவாகிப் பாறை போல் கட்டிவிடும். அதை முதலில் கிளறிக்கொண்டே படிகமாக்கித்தான் காயவைக்க வேண்டும். மூன்று, தலைமுடி போன்ற இழைகள். காற்றுக் குழாயில் குருணை வேகமாகப் போகும்போது வளைவுகளில் சுவரோடு உரசி, உரசிய இடம் நொடியில் உருகி, மெல்லிய நாடாவாகக் கிழிந்து வரும். ஹாப்பரில் அது குருணைகளைக் கட்டிப் போட்டுவிடும். மேல்வலையில் பந்து பந்தாக இழை சேர்ந்தால் ஹாப்பரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சில இடத்தில் "ஹாப்பரை முழுக்க நிரப்பினால் மேலிருக்கும் பாரம் கீழே தள்ளும்" என்பார்கள். தண்ணீராக இருந்தால் சரி. குருணையில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுவர் உராய்வே தாங்கிக்கொள்ளும். 1895-லேயே யான்சென் என்பவர் தானியக் குதிர்களை வைத்து இதைக் காட்டிவிட்டார். ஓரளவு உயரத்துக்கு மேல் எவ்வளவு நிரப்பினாலும் அடியில் அழுத்தம் கூடாது. மட்டம் மிகவும் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

தொண்டை நிறைந்திருக்கிறது, ஸ்க்ரூ எடுக்கவில்லை

இதுதான் ஆட்களைக் குழப்பும் கோளாறு. மேலிருந்து பார்த்தால் தொண்டை நிறைய குருணை. ஸ்க்ரூ சுற்றுகிறது. குருணை மட்டும் இருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும், அல்லது மெதுவாகக் கீழே போவதும் மறுபடி மேலே வருவதுமாக இருக்கும். நட்டு போல்ட்டோடு சுற்றுகிறது.

எங்கே வழுக்குகிறது என்று பிரித்துப் பார்க்க, பேரலின் முதல் ஜோன் (தொண்டையை அடுத்த ஹீட்டர் பகுதி) செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள். பள்ளமில்லாத சாதாரணப் பேரலில் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளுக்கு, சுவர் சூடேறச் சூடேற, உருகும் நிலையை நெருங்கும்வரை உராய்வு கூடும். குருணையின் தோல் மிருதுவாகிச் சுவரை நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டி ஒரு மெல்லிய உருகல் படலம் வந்துவிட்டால் அங்கிருந்து கணக்கே வேறு. நடுவில் எங்கோ நல்ல இடம் ஒன்று இருக்கிறது, அது ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் ஒவ்வொரு ஆர்.பி.எம்முக்கும் வேறு. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்: முதல் ஜோனை 10 டிகிரி ஏற்றி, 20 நிமிடம் காத்திருந்து, ஐந்து எடை போடுங்கள். கூடியதா, இன்னும் 10. குறைந்ததா, திரும்பி வந்து கீழ்ப்பக்கம் 10. காத்திருக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செட்டிங்கை மாற்றுகிறவர் எதற்கு எது பலித்தது என்பதை ஒருநாளும் அறிய மாட்டார். இரும்பு மெதுவாகத்தான் சூடாகும், அதைவிட மெதுவாகத்தான் ஆறும்.

ஏற்றினால் பலித்தது என்றால் பேரல் சுவர் வழுக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஏன் வழுக்கியது என்று குருணையிடம் போங்கள். வெளிப்புற மசகு அதிகம் சேர்த்த கலவையா? ஸ்டியரேட், மெழுகு, எருக்கமைடு போன்ற ஸ்லிப் பொருட்கள் உள்ளே இருக்கும்போது தொந்தரவில்லை. நாள்பட்ட மூட்டைகளில் அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து படியும். ஒரு பிடி குருணையை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மெழுகுத் தடம் தெரியும், விரல் ஒன்றோடொன்று வழுக்கும். கறுப்புத் துணியில் தேய்த்தால் வெள்ளைப் பொடி தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த மூட்டைக்கு முதல் ஜோன் வேறு செட்டிங்கில்தான் ஓடும்.

ஈரமும் இதே வேலையைச் செய்யும். குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்த மூட்டையை வெதுவெதுப்பான ஷெட்டில் திறந்ததும் குருணை வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பேரலில் மசகு எண்ணெய் மாதிரி வேலை செய்யும். மூட்டையைப் பிரிக்காமல் ஒருநாள் உள்ளே வைத்திருந்து பிறகு திறந்தால் போதும். தொண்டையிலும் இதே ஆபத்து இருக்கிறது. கூலிங் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் தொண்டைச் சுவர் வியர்க்கும், அதில் தூள் குழைந்து பசையாகும். தொண்டை சில்லென்று இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக, ஆனால் பொறுக்கக்கூடியதாக, 40 முதல் 50 டிகிரிக்குள் இருப்பதே சாதாரண மெட்டீரியலுக்கு நல்லது. சீக்கிரம் இளகும் மெட்டீரியலுக்கு மட்டும் இதைவிடக் குளிர்ச்சி தேவை.

ஏற்றினால் பலிக்காமல் மோசமானது என்றால் இரண்டாவது சாத்தியம்: ஸ்க்ரூ பக்கம் பிடிக்கிறது. அடித்தண்டு சூடாகிவிட்டது. அதற்கு அடுத்த தலைப்பு.

அரை மணி நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் எடுக்கவில்லை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின். டை மாற்றவோ ஸ்க்ரீன் மாற்றவோ நிறுத்தினோம். ஹீட்டர் எல்லாம் ஆனில் இருந்தன. மறுபடி ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் வந்து, பிறகு ஆம்பியர் இறங்கி, ஒன்றும் வராது.

ஓட்டத்தில் இருக்கும்போது புதுக் குருணை ஸ்க்ரூவின் பின்பகுதியைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. நின்றதும் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். முன்பக்கத்துச் சூடு தண்டு வழியாகப் பின்னால் ஏறி வரும். தொண்டைக்கு அருகே தண்டில் இருந்த குருணை பாதி உருகி, மரைச்சுவரின் அடிமூலையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் வரும் குருணை வழவழப்பான இரும்பை அல்ல, ஒட்டும் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. ஸ்க்ரூ பக்கத்து உராய்வு எகிறிவிடும், கட்டி தண்டோடு சேர்ந்து சுற்றும்.

ஒரு தடவை இப்படி எடுக்காமல் போன 45 மி.மீ. ஸ்க்ரூவை வெளியே இழுத்துப் பார்த்தேன். தொண்டையிலிருந்து நான்காவது மரையில், தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல் பாலிஎத்திலீன் வளையம். நடுவில் கண்ணாடி மாதிரி, ஓரத்தில் குருணைகளின் உருவம் அப்படியே தெரிந்தது, மாவில் பதித்த பயறு மாதிரி. வளையத்துக்கு முன்னாலும் பின்னாலும் தண்டு பளபளவென்று சுத்தம். மரை ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது பிடித்திருந்தது, ஆனால் மொத்த ஃபீடையும் நிறுத்த அது போதுமாக இருந்தது.

வந்துவிட்ட வளையத்தைக் கழற்ற, ஸ்லைடை மூடி, ஆர்.பி.எம்மைக் குறைத்து, கடினமான குருணையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். எச்.டி.பி.இ (கடினமான பாலிஎத்திலீன்) அல்லது பேரலைச் சுத்தம் செய்யும் பர்ஜ் மெட்டீரியல் நல்லது. தொண்டையை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் குருணை வளையத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். அதற்கும் அசையவில்லையென்றால் மெஷினை நிறுத்திப் பூட்டி, பித்தளைக் கருவியால் எடுங்கள். ஸ்க்ரூ சுற்றும்போது கம்பி விட்டுக் குத்தும் பழக்கத்தை தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். மரை கம்பியைப் பிடித்தால் கையை விடுவிக்க நேரம் இருக்காது. அடைப்பு திடீரென்று விடும்போது டையில் பிரஷர் எகிறும் என்பதால் டைக்கு நேர் முன்னே யாரும் நிற்கவும் கூடாது.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. நிறுத்துவதற்கு முன் ஸ்லைடை மூடி, மரையில் இருப்பதை ஓட்டிக் காலி செய்யுங்கள். முதல் ஜோனை இறக்குங்கள். தொண்டைத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். மெஷின் ஆஃப் என்றால் தண்ணீரும் ஆஃப் என்று பழகிய இடங்களில்தான் இந்த வளையம் அடிக்கடி வருகிறது. ஸ்க்ரூ தண்டுக்குள் குளிர்நீர் ஓட்ட வசதி இருந்தால் பின்பகுதிக்கு மட்டும் கொடுங்கள். அது ஓட்டத்தின்போதும் அடித்தண்டு உராய்வைக் குறைக்கும். தண்டு பாலிஷ் இழந்து சொரசொரப்பாக இருந்தால் மறுபடி பாலிஷ் செய்வதோ, குரோம் பூச்சோ பலன் தரும். பேரலைப் பாலிஷ் செய்யச் சொல்லாதீர்கள், அது எதிர்த்திசை.

அவுட்புட் ஏறி இறங்கி ஆடுகிறது

கையில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். பிரஷர் ஒரு உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது?

ஸ்க்ரூ ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தோடு பொருந்தினால் (60 ஆர்.பி.எம் என்றால் ஒரு நொடி) மரை தொண்டையைக் கடக்கும் தாளம் அது. லேசாக இருந்தால் விட்டுவிடலாம், பெரிதாக இருந்தால் தொண்டை நிரம்பவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் ஆடினால் கட்டி பேரலில் பிடிப்பதும் வழுக்குவதுமாக இருக்கிறது. முதல் ஜோன் தேடல் இதற்குத்தான் மிகவும் பலிக்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக வந்தால், முதல் ஜோன் ஹீட்டர் ஆன்-ஆஃப் ஆவதோடும் தொண்டைத் தண்ணீரின் சூட்டோடும் பொருத்திப் பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை: ஹாப்பரை நிரப்பும் லோடர். ஆட்டம் லோடர் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால், ஒவ்வொரு லோடிலும் குருணையும் ரீகிரைண்டும் (கழிவை அரைத்த துண்டு) பிரிந்து விழுகின்றன. குருணை உருண்டு ஓரத்துக்கு ஓடும், தட்டையான துண்டு நடுவிலேயே நிற்கும். முதலில் நடுப்பகுதி இறங்கும், பிறகு ஓரம். ஸ்க்ரூவுக்கு மாறி மாறி இரண்டு வெவ்வேறு உராய்வுள்ள மெட்டீரியல் போகிறது. லோடின் அளவைக் குறைத்து அடிக்கடி போடும்படி வைத்தால் ஆட்டம் அடங்கும்.

ஆர்.பி.எம் கூட்டினாலும் அவுட்புட் கூடவில்லை

40 ஆர்.பி.எம்மில் எடை எடுங்கள், 80-இல் எடுங்கள். மணிக்கு வரும் கிலோவை ஆர்.பி.எம்மால் வகுங்கள். இரண்டு விடையும் நெருக்கமாக வர வேண்டும். 80-இல் வெகுவாகக் குறைந்தால் ஃபீட் எட்டவில்லை.

குருணை தொண்டையிலிருந்து மரைக்குள் விழ நேரம் வேண்டும், வேகம் ஏறினால் அந்த நேரம் குறைகிறது. உரசும் வேகம் கூடும்போது சுவரில் சூடும் கூடுகிறது, குறைந்த வேகத்தில் நன்றாகப் பிடித்த முதல் ஜோன் செட்டிங் இங்கே உருகல் படலத்தை உண்டாக்கிவிடும். அதனால் வேகம் ஏற்றினால் முதல் ஜோனைச் சற்று இறக்கிப் பார்ப்பது நல்லது. பழக்கத்தில் எல்லாரும் ஏற்றத்தான் செய்வார்கள். டிரையரிலிருந்து 80, 100 டிகிரியில் நேராக வரும் குருணைக்கும் இது பொருந்தும். அறைச்சூட்டுக் குருணைக்குக் கண்டுபிடித்த செட்டிங் அதற்குச் சரிவராது.

ரீகிரைண்ட் அல்லது புது மெட்டீரியல் போட்டதும் ஆரம்பித்தது

ஒரு லிட்டர் பாத்திரத்தை நிரப்பி, தட்டாமல், மேலே வழித்துவிட்டு எடை போடுங்கள். பாலிஎத்திலீன் குருணை 500 முதல் 600 கிராம் நிற்கும். ஃபிலிம் அரைத்த துண்டு அதில் பாதிகூட வராது. அப்படியென்றால் உராய்வைத் தொடுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. மரை நிறைந்தாலும் உள்ளே போகும் எடை பாதிதான். கலவை விகிதத்தைக் குறையுங்கள், அல்லது துண்டைக் குருணையாக்கிப் போடுங்கள், அல்லது தொண்டையில் அழுத்தி ஊட்டும் ஃபீடர் வையுங்கள்.

எடை ஒன்றாக இருந்தும் ஓட்டம் வேறாக இருந்தால் சாய்பலகை வைத்துப் பாருங்கள். சின்ன அட்டையின் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு குருணையை ஒட்டி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சுத்தமான எஃகுத் தகட்டின் மேல் வையுங்கள், மேலே ஒரு சிறிய எடைக்கல். தகட்டின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். வழுக்க ஆரம்பிக்கும் கோணம் 17 டிகிரி என்றால் உராய்வு எண் சுமார் 0.3. 27 என்றால் 0.5. ஆறிய தகட்டில், லேசான பாரத்தில் எடுத்த இந்த எண் பேரலுக்குள் அப்படியே பொருந்தாது. ஆனால் போன மாத மூட்டையும் இந்த மாத மூட்டையும் ஒரே தகட்டில் எட்டு டிகிரி வித்தியாசம் காட்டினால், சப்ளையரிடம் பேச அது போதும். ஒட்டும்போது பசை குருணையின் கீழ்ப்பக்கத்துக்கு வராமல் பாருங்கள், ஒரு துளி வந்தாலும் முடிவு கெட்டுவிடும்.

நிறம் சேர்க்கும் மாஸ்டர்பேட்சை மறக்க வேண்டாம். நூற்றுக்கு இரண்டுதான் போடுகிறோம் என்று ஒதுக்கிவிடுவோம். அதில் இருக்கும் மெழுகு முதலில் உருகி, பேரல் சுவரில் முதலில் போய்ப் படிவது அதுதான். நிறம் மாற்றிய நாளில் ஆரம்பித்த ஃபீட் கோளாறு என்றால், மாஸ்டர்பேட்ச் இல்லாமல் அரை மணி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் தேடுவேன்.

பள்ளம் வெட்டிய பேரலில் அவுட்புட் மெல்ல மெல்ல இறங்குகிறது

எச்.டி.பி.இ போன்ற வழுக்கும் மெட்டீரியலுக்காகத் தொண்டையை அடுத்த பகுதியில் நீளவாக்கில் பள்ளம் வெட்டிய பேரல்கள் உண்டு. குருணைகள் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்வதால், உள்ளே இருக்கும் கட்டி இரும்பில் உரசுவதைவிடக் குருணையின் மேல் உரசுவதே அதிகம். சுவர் எவ்வளவு வழுவழுப்பு என்பது பெரிதாகப் பாதிக்காது. அந்தப் பகுதி உருகாமல் இருக்கும்வரைதான் இது நடக்கும். கூலிங் குறைந்து பள்ளத்தில் பிளாஸ்டிக் உருகி நிரம்பினால் அது சாதாரணப் பேரல்தான். ஆகவே இங்கே முதல் கேள்வி வெளியே வரும் தண்ணீரின் சூடு. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், தண்ணீர் வழியில் உப்புப் படிந்திருக்கிறது. சுத்தம் செய்யுங்கள். சாதாரணப் பேரலில் செய்வது போல இங்கே சூட்டை ஏற்றித் தேடாதீர்கள், எதிர்மறையாகத்தான் போகும்.

தலைகீழ்க் கோளாறும் இங்கே வரும். ஆம்பியர் எகிறி, தொண்டைப் பக்கம் கிரீச்சென்ற சத்தம், சில சமயம் டிரிப். உராய்வு தேவைக்கு மேல் கிடைத்துவிட்டது. பள்ளம் வெட்டிய பேரலுக்கு சாதாரண அழுத்த விகிதமுள்ள (ஃபீட் பகுதி மரை ஆழத்துக்கும் மீட்டரிங் பகுதி ஆழத்துக்கும் உள்ள விகிதம்) ஸ்க்ரூவைப் போட்டால் இப்படி ஆகும். கட்டி ஏற்கெனவே அழுந்தி வருகிறது, ஸ்க்ரூ மேலும் நெரிக்கிறது. பள்ளம் முடியும் இடத்தில்தான் அழுத்தம் உச்சம், தேய்மானமும் அங்கேதான் முதலில் தெரியும்.

ரெட்டை ஸ்க்ரூ மெஷினில் ஃபீடர் அளந்து போடுவதால் பேரல் உராய்வு இவ்வளவு வேலை செய்வதில்லை. அங்கே எடுக்கவில்லை என்றால், லேசான பவுடரோடு போன காற்று திரும்பி மேலே வர வழியில்லாமல் தடுக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் முடிந்து பூட்டியதும் எடுக்கவில்லை

ஸ்க்ரூவை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, அப்படியே திரும்பப் பூட்டியிருப்பார்கள். அல்லது சிலிகான் ஸ்பிரே அடித்திருப்பார்கள். பேரல் முழுக்க மசகு. சூட்டில் எண்ணெய் போகப் போகத் தானாகச் சரியாகும், ஆனால் அதற்குள் ஆட்கள் எல்லா ஜோனையும் மாற்றி முடித்திருப்பார்கள். பூட்டும் முன் பேரலை எண்ணெய் இல்லாத துணியால் இரண்டு தடவை துடையுங்கள், பூட்டிய பிறகு பழைய செட்டிங்கிலேயே பர்ஜ் மெட்டீரியலை ஓட்டுங்கள். புது ஸ்க்ரூ என்றால் தண்டில் கடைசல் கோடு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். மறுநாள் அதே ஆர்.பி.எம்மில் ஐந்து நிமிடம், ஐந்து எடை போட்டு, முதல் ஜோன் சூட்டோடு சேர்த்து அந்த ஸ்க்ரூவின் ஃபைலில் எழுதி வையுங்கள்.